வியாழக்கிழமை நோட்டு

வியாழக்கிழமை விடிந்தால் அஃப்சருன்னிசாவின் கண் முதலில் ரவை டப்பாவின் மேல்தான் விழும். அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் அவளுக்குக் காலை டீ தொண்டையில் இறங்காது.

“இது ரவையா, மணலா? பீச்சுல போயி அள்ளினு வந்தியா?”

“நேத்துதான் சலிச்சு வெச்சேன் மாமி.”

“சலிச்சாளாம். உங்கம்மா வீட்டு லட்சணம் எங்களுக்குத் தெரியாதா…”

வஜீஹா ரவையை மறுபடியும் சல்லடையில் கொட்டினாள். மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி வீட்டில், பேச்சு எங்கே தொடங்கினாலும் அவளுடைய அம்மாவிடம்தான் வந்து முடியும். ரவையில் தொடங்கினாலும் சரி, ரேஷன் கார்டில் தொடங்கினாலும் சரி. கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் மாமியார் ஒரு நாள்கூட அந்த வழியைத் தவறவிட்டதில்லை. இந்த ஒழுங்கை அவள் வேறு எதிலாவது காட்டியிருந்தால் வீடு எவ்வளவோ உருப்பட்டிருக்கும்.

உள்ளறையிலிருந்து நாத்தனார் தஹ்சீனின் குரல் வந்தது. “பூனை… தண்ணி.”

ஆறு மாதமாக அவள் அந்த அறையில்தான் கிடக்கிறாள். ரத்தப் புற்றுநோய். தலையில் முடி இல்லை, வாயெல்லாம் புண், முழங்கை மடிப்பில் ஊசி குத்திய நீலம். புருஷன் யாசிர் வாரத்துக்கு ஒருமுறை அரை டஜன் ஆப்பிளோடு வந்து, வாசற்படியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்த முகத்தோடு போய்விடுவான். எழுந்து உட்காரத் தெம்பில்லாத நிலையிலும் அண்ணியைப் ‘பூனை’ என்று கூப்பிட மட்டும் தஹ்சீனுக்குத் தெம்பு இருந்தது.

வஜீஹாவுக்குப் பூனைக் கண். அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. அதுதான் அவள் அம்மா ரஹ்மத்பீ மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு முதல் சாட்சி.

இந்த வீட்டுக்கும் வஜீஹாவின் வீட்டுக்கும் நடந்தது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அஃப்சருன்னிசா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அதே வாரம், இந்த வீட்டுப் பெண்ணான ரஹ்மத்பீயை அஃப்சருன்னிசாவின் அண்ணன் கட்டினார். அவர்களுக்குப் பிறந்தவள் வஜீஹா. ஆக, அஃப்சருன்னிசா வஜீஹாவுக்கு மாமியார் ஆவதற்கு முன்பே அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. சின்ன வயதில் வஜீஹா அவளை ‘புப்பு’ என்றுதான் கூப்பிட்டாள். அப்பாவின் தங்கையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட சம்பந்தத்தில் இரண்டு மருமகள்களையும் ஊர் தராசில் வைத்துப் பார்க்கும். ரஹ்மத்பீயின் புருஷன் துபாயிலிருந்து அவளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். அஃப்சருன்னிசாவின் புருஷன் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினார். அது போதாதா? ரஹ்மத்பீக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பூனைக் கண். “அண்ணன் ஊருக்குப் போன தேதி என்னா, இது பொறந்த தேதி என்னா… நீங்களே பாத்துக்குங்க” என்று அஃப்சருன்னிசா பெண்கள் கூட்டத்தில் சொன்னாள். அதோடு விடவில்லை. அண்ணனுக்கு ஒரு கடிதமும் போட்டாள். அதற்கப்புறம் அவர் லீவில் வந்தது ஒரே ஒரு முறை. அங்கேயே இறந்தும் போனார். ரஹ்மத்பீ வேளச்சேரியில் ஒரு சின்ன வீட்டில் மகளை வளர்த்து, யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாமல் கண்ணை மூடினாள். அதற்கு முன்பு அவளுடைய அண்ணன், அதாவது அஃப்சருன்னிசாவின் புருஷன், தங்கையின் கையைப் பிடித்து, “உன் பொண்ணு என் வீட்டுக்குத்தான் வருவா” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மூத்த மகன் ஷரீஃபுக்கு வஜீஹா வந்தது அப்படித்தான்.

வந்த முதல் நாளே அஃப்சருன்னிசா சொல்லிவிட்டாள். “புப்புன்னு கூப்பிடற வேலையெல்லாம் வேணாம். மாமின்னு கூப்பிடு. எங்கண்ணன் பொண்ணா இருந்தாத்தானே நான் உனக்குப் புப்பு?”

ஷரீஃப் அப்போது பக்கத்தில்தான் நின்றான். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். பதினெட்டு வருஷமாக அவன் இன்னும் நிமிரவில்லை. பேத்தி ஜுவேரியா பிறந்த அன்று அஃப்சருன்னிசா செய்த முதல் காரியம், குழந்தையின் இமையை விரலால் விரித்துப் பார்த்தது. கறுப்பு விழி என்று தெரிந்ததும் “அல்ஹம்துலில்லாஹ், தப்பிச்சோம்” என்றாள்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். ஓதி முடிந்ததும் அஃப்சருன்னிசா நீல அட்டை போட்ட ஒரு நோட்டைத் திறந்து, வீட்டில் மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து அவர்களுக்காக துஆ கேட்பாள். பிறகு வஜீஹா கிண்டிய ரவா அல்வாவை எல்லாரும் தின்பார்கள். அந்த நோட்டில் மாமனாரின் அப்பா, அம்மா இருந்தார்கள். குடும்பத்தின் துணிக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்த டெய்லர்கூட இருந்தார். அஃப்சருன்னிசாவின் அண்ணன் இருந்தார். அவருக்கு அடுத்து அவளுடைய புருஷன். நடுவில் வரவேண்டிய ரஹ்மத்பீ இல்லை. அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் மாமியார் ஒரு மூச்சு விடுவாள். அல்வாத் தட்டோடு அடுக்களை வாசலில் நிற்கும் வஜீஹாவின் காது ஒவ்வொரு வாரமும் அந்த மூச்சில் போய் நிற்கும். மூச்சு முடியும், அடுத்த பெயர் வரும், அவள் தட்டை நீட்டுவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை அவர்கள் எல்லாரும் அடையாறு பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மருந்தால் நோயை அடக்கியாகிவிட்டது, இனி வேறு ஒருவரின் ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாருடையது பொருந்தும் என்று பார்க்கும் வேலை ஆரோக்கியமேரி என்ற கோ-ஆர்டினேட்டருடையது. ஐம்பது வயதுப் பெண்மணி. முகத்துக்கு நேராகப் பேசுகிறவள்.

“அம்மா, உங்க ரெண்டு பசங்களையும் உங்களையும் பாத்தாச்சு. பெரியவர் பாதி பொருந்தறார். சின்னவர் சைஃப் கொஞ்சங்கூடப் பொருந்தல. நீங்க பாதி, ஆனா உங்க வயசுக்கு எடுக்க முடியாது. பாதிப் பொருத்தத்துலயும் செய்யலாம். ஆனா இவங்களுக்கு ரிஸ்க் அதிகம்னு டாக்டர் தயங்கறாரு.”

“ஒரே ரத்தம்தானே மேடம், எப்படிப் பொருந்தாம போகும்?” என்று ஷரீஃப் கேட்டான். பாண்டி பஜாரில் அவன் நடத்துவது மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து நீட்டினால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி கிழித்துக் கொடுப்பான். “மெரூனுக்கு மெரூன், கிட்டத்தட்ட இருந்தாப் போதாதா?”

“போதாது சார். ஜாக்கெட்டு கொஞ்சம் வேற கலர்ல இருந்தா புடவை அடிக்க வராது. இது அடிக்கும்.” ஆரோக்கியமேரி ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டாள். “நம்ம உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் வாசல்ல ஒரு தட்டு வெச்சிருக்கும். உள்ள என்ன நடக்குதோ அதுல ஒரு துளிய எடுத்து அந்தத் தட்டுல வெச்சு வெளிய காட்டிகிட்டே இருக்கும். காவல் செல்லுங்க ரோந்து வரும், பாத்துட்டுப் போகும். உள்ள கிருமி புகுந்திருந்தா தட்டுல தெரிஞ்சிடும், அந்த செல்லை அங்கேயே முடிச்சிடும். அந்தத் தட்டு செய்யற ஜீன்களுக்குத்தான் எச்.எல்.ஏ.ன்னு பேரு. அது ஒரு பெரிய குடும்பம். ஏ, பி, சி இதோ இந்த வேலை. டி.ஆர், டி.கியூ இருக்கே, அது வெளியேர்ந்து பிடிச்சு முழுங்கின கிருமிய மேலதிகாரிங்களுக்குக் காட்டும். ஆளாளுக்குத் தட்டு வேற வேற மாதிரி இருக்கும். தட்டு நம்மளோடதா இல்லைன்னா உள்ள ஒண்ணும் தப்பு இல்லாட்டியும் அடிக்கும். இப்ப நாம ஏத்தப்போறதே புது காவல் செல்லுங்களத்தான். அதுங்களுக்கு தஹ்சீனோட தட்டு பழக்கமில்லைன்னா, தோலு, குடல், ஈரல் எல்லாத்தையும் அடிக்கும்.”

“வந்தவளுங்க வீட்டு ஆளுங்களையே அடிக்கிறது…” என்று அஃப்சருன்னிசா முணுமுணுத்தாள். கண் வஜீஹாவின் பக்கம் போய் வந்தது. மகள் சாகக் கிடக்கும்போதும் ஒரு குத்தல் கிடைத்தால் விடமாட்டாள்.

“இந்த ஜீனெல்லாம் ஒரே கொத்தா இருக்கும். அப்பாகிட்டேர்ந்து ஒரு கொத்து, அம்மாகிட்டேர்ந்து ஒரு கொத்து. தஹ்சீனுக்கு உங்ககிட்டேர்ந்து வந்திருக்கிற கொத்து ரொம்ப அபூர்வம். உலகம் பூரா தானம் கொடுக்கப் பேர் கொடுத்தவங்க லிஸ்ட்ல தேடிட்டோம். ஒருத்தர்கிட்டயும் இல்லை. அதனாலதான் கேக்கறேன், சொந்தத்துல வேற யாராவது? இவங்களோட அப்பா பக்கம், அம்மா பக்கம்… பெரியப்பா, மாமா பிள்ளைங்க, ரத்த சொந்தம் யாராயிருந்தாலும் சொல்லுங்க.”

வஜீஹா ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுக்கும் மாமியாருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இல்லை.

“யாருமில்ல” என்றாள் அஃப்சருன்னிசா.

ஷரீஃப் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

வியாழக்கிழமை ரவையைத் திட்டி முடித்து மாமியார் குளிக்கப் போனதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேவானை தலையை நிமிர்த்தினாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஆற்றோரத்துக் குடிசையை இடித்து அங்கே கொண்டுபோய்ப் போட்டபிறகும் பழைய வீடுகளை விடவில்லை.

“இன்னாமா, ரத்த சொந்தம் கேட்டாங்களாமே. உன்ன பாத்தாங்களா?”

“நான் மருமக, தேவானை.”

“மருமகன்னா வானத்துலேந்து குதிச்சியா? உன் நைனா கெயவியோட அண்ணன். உங்கம்மா செத்துப்போன பெரியவரோட தங்கச்சி. உள்ள பட்துகினு கீதே அந்தப் பொண்ணு, அதுக்கு அப்பன் வழியிலயும் நீ சொந்தம், ஆத்தா வழியிலயும் நீ சொந்தம். எங்கூட்ல நானும் மாமனத்தான் கட்டிகினேன். நாத்தனாக்கு கிட்னி ஓணும்னப்ப மொதல்ல என் கையிலதான் குத்தினாங்க. இவுங்க இன்னா, கண்ணு தெரியாத ஜனமா?”

வஜீஹாவின் கை ரவையில் நின்றுவிட்டது.

மறுநாள் கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குளத்தருகே பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறி அடையாறில் இறங்கினாள். நாத்தனார் மேல் பாசம் பொங்கிப் போனாள் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். தஹ்சீன் செத்துவிடக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் அடியில் வேறு ஒன்று இருந்தது. அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கும்போது, எப்போதாவது ஒருமுறை, ‘ஒருவேளை உண்மையாக இருக்குமோ’ என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. தோன்றியதும் அம்மாவின் காலில் விழுந்து அழவேண்டும்போல் இருக்கும். அம்மா இல்லை. ஊரெல்லாம் சந்தேகப்பட்டதை அவளால் மன்னிக்க முடிந்தது. தன்னை அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆரோக்கியமேரி படிவத்தை நிரப்பினாள். உறவு முறையைக் கேட்டு எழுதும்போது அவள் பேனா ஒரு கணம் நின்றது.

“நீங்க அன்னிக்கி இங்கதானே நின்னீங்க? ஏன் அவங்க சொல்லல?”

“மறந்திருப்பாங்க.”

“ம். யாராவது உங்கள வற்புறுத்தி அனுப்பினாங்களா? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க, நீங்க தர முடியாதுன்னு நான் வேற காரணம் எழுதிக்கறேன்.”

“என்னை யாரும் கேக்கவே இல்ல மேடம்” என்றாள் வஜீஹா.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, ஒரு குழாய் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். கறி வாங்காமல் வந்ததற்கு அன்று வீட்டில் பெரிய பாட்டு நடந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் வஜீஹாவுக்குத்தான் போன் வந்தது. அவள் சம்மதம் சொன்ன பிறகு வீட்டாரைக் கூப்பிட்டார்கள். ஆரோக்கியமேரி சுற்றி வளைக்கவில்லை. “பத்துக்குப் பத்து. முழுப் பொருத்தம்” என்று வஜீஹாவைக் காட்டினாள்.

சைஃப் எழுந்தே விட்டான். ஷரீஃபுக்கு வாய் திறந்துகொண்டது. அஃப்சருன்னிசா மட்டும் கோணல் சிரிப்புச் சிரித்தாள்.

“தப்பாப் பாத்திருப்பீங்க. கூடப்பொறந்தவனுங்களுக்கே இல்லாதது இவளுக்கு எப்படி வரும்? இவ எங்க ரத்தமே இல்ல.”

“ரெண்டு தடவை பாத்தாச்சும்மா.”

“மூணாந்தடவ பாருங்க. இவ கண்ணப் பாருங்க, எங்க குடும்பத்துல யாருக்காச்சும் இந்தக் கண்ணு இருக்கா? வெளியாளு சாமானத்த எம்பொண்ணு உடம்புல ஏத்தி, அவ செத்துக் கித்துப் போனா…”

ஆரோக்கியமேரிக்கு அந்த வீட்டுக் கதை தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சாவகாசமாகச் சொன்னாள். “கண்ணு நெறத்துக்கு வேற ஜீன், இதுக்கு வேற ஜீன். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. இதோ, வரைஞ்சு காட்டறேன்.”

தாளில் இரண்டு பட்டை வரைந்தாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

“இது தஹ்சீன். நீலம் அவங்க அப்பா கொடுத்தது. சிவப்பு நீங்க கொடுத்தது. உலகத்துல எங்க தேடியும் கிடைக்கலைன்னேனே, அந்தக் கொத்து. இப்ப வஜீஹாவைப் பாருங்க. இவங்களுக்கும் நீலம் இருக்கு. இவங்க அம்மா உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, அவங்க வழியா வந்தது. இவங்களுக்கும் அதே சிவப்பு இருக்கு. அது எங்கேர்ந்து வந்திருக்கும்? இவங்க அப்பாகிட்டேர்ந்து. அவர் உங்க கூடப்பொறந்த அண்ணன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தாய் தகப்பன்கிட்டேர்ந்து இறங்கின கொத்து. வெளியாள்கிட்ட இது தற்செயலா இருக்க வாய்ப்பே இல்லை. கூடப் பொறந்தவங்களுக்குப் பொருந்தறதே நாலுல ஒண்ணு. இந்த மாதிரி ரெண்டு பக்கமும் சொந்தமா இருந்தா பதினாறுல ஒண்ணு. அந்த ஒண்ணை வீட்டுக்குள்ளயே வெச்சுகிட்டு, யாருமில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.”

அஃப்சருன்னிசா அந்தச் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் வாய் ஓயாமல் சொன்னதை ஒரு ஸ்கெட்ச் பேனா ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டது. அழித்ததும் அவளுடைய சொந்த ரத்தமே.

வஜீஹா அழவில்லை. அந்தத் தாளை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ‘அம்மா, என்னை மாப்பு பண்ணிடும்மா’ என்று மட்டும் மனசுக்குள் சொன்னாள்.

அன்று மாலை அஃப்சருன்னிசா அடுக்களைக்கு வந்தாள். கையில் ஒரு சின்ன டப்பா.

“இந்தா. என் கல்யாண வளையல். தஹ்சீனுக்குன்னு வெச்சிருந்தது. நீ போட்டுக்கோ.”

“வேணாம் மாமி.”

“கோவமா இருக்கியா? நடந்தது நடந்துபோச்சு… யாரோ சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். பழசையெல்லாம் கிளறினா என்னா வரப்போவுது?”

“யாரோ சொல்லல. நீங்க சொன்னீங்க.” வஜீஹா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “உங்கண்ணனுக்கு லெட்டர் போட்டது யாரு? எங்கம்மா அந்த லெட்டரை என்கிட்ட காட்டியிருக்காங்க. அப்பா அத அவங்களுக்கே அனுப்பியிருந்தாரு. படிச்சுட்டு, நாலா மடிச்சு, குர்ஆனுக்குக் கீழ வெச்சாங்க. என்கிட்ட காட்டின அந்த ஒரு தடவையத் தவிர கடைசி வரைக்கும் அத எடுக்கல.”

அஃப்சருன்னிசாவின் முகம் சுருங்கியது. “இப்ப என்னா பண்ணணும்ங்கற? உன் கால்ல விழணுமா? விழுந்தாத்தான் எம்பொண்ணுக்குக் குடுப்பியா?”

அந்த நிமிஷத்தில்தான் வஜீஹாவுக்கு மாமியார் மேல் இருந்த பயம் முழுசாக விட்டுப்போனது. கோபம்கூட மிச்சமில்லை. இவ்வளவு சின்ன மனுஷியிடமா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று அருவருப்பாக இருந்தது.

“உங்ககிட்ட பேரம் பேசற அளவுக்கு நான் எறங்கல மாமி. தஹ்சீனுக்குக் குடுக்கறேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். குடுப்பேன். நீங்க விழவும் வேணாம், வளையல் போடவும் வேணாம். எங்கம்மா பேரு அந்த நோட்டுல இல்ல. அது உங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல. ஆனா தஹ்சீன் தேறினதும் நானும் ஜுவேரியாவும் வேளச்சேரிக்குப் போறோம். எங்கம்மா வீடு காலியாத்தான் இருக்கு.”

வாசலில் நின்றிருந்த ஷரீஃப், “வஜீ… நான் என்ன பண்ணேன்?” என்றான்.

“ஒண்ணும் பண்ணலைங்க. பதினெட்டு வருஷமா ஒண்ணுமே பண்ணல.”

பிறகு அவளுக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். எலும்புக்குள்ளிருக்கும் செல்களை ரத்தத்துக்கு இறக்கும் ஊசி. இடுப்பும் முதுகும் உடைகிற மாதிரி வலித்தது. அந்த வலியோடுதான் காலையில் மாவு பிசைந்தாள். பிசைய வேண்டாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான்காம் நாள் தேவானைதான் மாவுப் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு, “துன்றவுங்களுக்குக் கை இல்லியா இன்னா?” என்று கூடம் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குழாய் போட்டு நாலு மணி நேரம் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வேண்டியதை அங்கே விட்டுவிட்டு, இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. தக்காளி ரசம்போல் ஒரு பை நிரம்பியது. அதைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் இருந்த தஹ்சீனிடம் போனார்கள்.

மூன்று வாரம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இருபத்திரண்டாம் நாள் தஹ்சீனே போன் செய்தாள். முதன்முறையாக ‘பூனை’யை விட்டு, அண்ணி என்று முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

“பாபி… செல்லு புடிச்சிக்கிச்சாம். இனிமே என் உடம்புல ஊர்ற ரத்தம் பூரா உங்களுதுதானாம். டாக்டர் சொல்றாரு.”

வஜீஹா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“பாபி, லைன்ல இருக்கீங்களா? நான் உங்கள என்னென்னா சொல்லியிருக்கேன்… உங்கம்மா எனக்குச் சொந்தப் புப்பு, செத்துப்போனவங்க, அவங்களக்கூட விடல. இனிமே யாராச்சும் உங்கம்மாவ ஒரு வார்த்தை சொன்னா அது என்னையும் சேத்துதான் பாபி. நான் எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க பேர நோட்டுல எழுதாம என் மூஞ்சில முழிக்காதன்னு.” சொல்லும்போதே அழுதாள்.

“அழாத. வாய்ப்புண்ணு எரியும்” என்றாள் வஜீஹா. போனை வைத்த பிறகு அவளும் அழுதாள்.

தஹ்சீன் வீடு திரும்பி இரண்டு மாதம் ஆயிற்று. அவள் தானாக எழுந்து குளிக்கத் தொடங்கிய வாரம், வியாழக்கிழமை காலையில் வஜீஹா ரவை டப்பாவைத் தொடவில்லை. இரண்டு பையில் துணியை அடுக்கினாள். ஜுவேரியா பள்ளிக்கூடம் விட்டு நேராக வேளச்சேரிக்கு வந்துவிடுவாள். போன மழையில் தண்ணீர் புகுந்த அந்த வீட்டைத் தேவானையும் அவளும் போய்க் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். பூட்டு மாற்றியது ஷரீஃப். அவன் முதன்முறையாக யாரும் சொல்லாமல் செய்த வேலை அது. செய்துவிட்டு, “நானும் வரட்டுமா?” என்று கேட்டான். “கடை மூடினதும் வந்து பாருங்க, யோசிக்கறேன்” என்றாள்.

அஸருக்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். அல்வா வாசனை வந்தது. வஜீஹா ஆச்சரியப்பட்டாள். அஃப்சருன்னிசா தானே கிண்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்காத கை. நெய்யைப் பார்த்து ஊற்றத் தெரியவில்லை, தணலைத் தணிக்கத் தெரியவில்லை. பாதியில் அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓத வந்து உட்கார்ந்தாள்.

யாசீன் முடிந்தது. வஜீஹா பைகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டினாள். நின்று கேட்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கால் பழக்கத்தில் வாசல் நிலைப்படியில் நின்றுவிட்டது.

மாமியார் நீல நோட்டைத் திறந்தாள். மாமனாரின் அப்பா. அம்மா. டெய்லர். அண்ணன். பிறகு அந்த மூச்சு வந்தது. வழக்கத்தைவிட நீண்டது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ரஹ்மத்பீ” என்றாள் அஃப்சருன்னிசா.

யாரும் ஆமீன் சொல்லவில்லை. எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஏன் அது நோட்டில் இல்லை என்பதும் தெரியும்.

“என் அண்ணன் சம்சாரம்” என்று அவள் தொடர்ந்தாள். “இதே எடத்துல ஒக்காந்துதான் அவங்களப் பத்தி மொதல்ல பேசினேன். உங்கள்ல பாதிப் பேரு அன்னிக்கி இருந்தீங்க. பாதிப் பேரோட அம்மாங்க இருந்தாங்க. நான் சொன்னது பொய்யி. யாரும் சொல்லல, நானே கட்டினது. எங்கண்ணனுக்கு லெட்டரும் நான்தான் எழுதினேன். அவங்க சுத்தமா இருந்தாங்க. நான்தான்…” நோட்டை மடியில் இறக்கி வைத்தாள். “அவங்க பொண்ணு ரத்தத்துலதான் எம்பொண்ணு இன்னிக்கி உசுரோட இருக்கா. அவங்களுக்காக துஆ கேளுங்க. எனக்கு ரஹ்மத்பீகிட்ட மன்னிப்புக் கேக்க வழியில்ல. அதுக்கும் சேத்துக் கேளுங்க.”

உள்ளறை வாசலில் தஹ்சீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, முதல் ஆளாக “ஆமீன்” என்றாள். பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

அஃப்சருன்னிசா நோட்டை மூடவில்லை. கூட்டத்தைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. எழுந்து வரவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. கூப்பிடத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குக் கடைசியில் ஒருவழியாகத் தெரிந்திருந்தது.

அடுக்களையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. வஜீஹா பைகளை வாசலில் வைத்தாள். வேளச்சேரிக்கு இன்னும் அரை மணி கழித்துப் போனாலும் ஒன்றும் ஆகிவிடாது.

“புப்பு, அல்வா அடி பிடிக்குது” என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.